யாருக்காகக் கேட்கிறோம்

2023 ஜனவரி 10ஆம் திகதி கனடிய அரசு நான்கு இலங்கையர்மீது தடை விதித்தது. மகிந்த ராஜபக்ச, கோத்தபாய ராஜபக்ச என்ற இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள். அவர்களுக்குப் பக்கத்தில் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவச் சார்ஜன்ட். நான்காமவர் கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்த சந்தன ஹெட்டியாராச்சி. இந்த நால்வரும் கனடாவுக்குள் வர முடியாது. இங்கே அவர்களுக்குச் சொத்து இருந்தால் அது முடக்கப்படும். கனடாவில் இருப்பவர் எவரும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள முடியாது. ஆணையில் இருப்பது இவ்வளவுதான். கைது இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை.

அன்று எல்லோரும் ஜனாதிபதிகளைப் பற்றியே பேசினார்கள். என் மனம் சார்ஜன்டின் பெயரில் நின்றுவிட்டது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி, போரால் இடம்பெயர்ந்திருந்த சிலர் தென்மராட்சியில் மிருசுவிலுக்குத் தங்கள் வீடுவளவைப் பார்த்துவரப் போனார்கள். எட்டுப்பேர் திரும்பவில்லை. அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. தப்பி ஓடிவந்த ஒருவரின் சாட்சியத்தால்தான் புதைத்த இடம் தெரியவந்தது. வழக்கு பல ஆண்டுகள் இழுபட்டு, 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தமிழரைக் கொன்றதற்காக ஒரு படையாள் கடைசிப்படி வரை குற்றவாளியாகக் காணப்பட்ட மிகச் சில வழக்குகளில் இது ஒன்று. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, கோத்தபாய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

அதனால்தான் அந்தப் பட்டியலில் மன்னித்தவரும் மன்னிக்கப்பட்டவரும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தபோது, யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. நீதிமன்றங்கள் இருபது ஆண்டுகளில் கட்டியெழுப்பிய ஒன்றை ஒரு கையெழுத்து அழித்தது. அந்தக் கையெழுத்தும் குற்றத்தின் பகுதிதான் என்று இன்னொரு நாடு சொல்வதுபோல் எனக்குப் பட்டது. மிருசுவில் குடும்பங்களுக்கு அதனால் எதுவும் திரும்பி வராது. ஆனாலும், கொழும்பு அழித்த தீர்ப்பை வேறோர் இடத்தில் யாரோ ஞாபகம் வைத்திருந்தார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

இந்தத் தடைக்குக் கனடா எடுத்தாண்ட சட்டம் 1992இல் வந்தது. மனித உரிமைகளை மோசமாக மீறியதற்காகத் தடை போடும் வழி அதில் 2017இல்தான் சேர்ந்தது. அந்த வழியைத் திறந்தது ஒரு ரஷ்யரின் சாவு. செர்கெய் மக்னிட்ஸ்கி பெரிய வரி மோசடி ஒன்றை அம்பலப்படுத்தியதற்காக மொஸ்கோவில் சிறைவைக்கப்பட்டு, 2009 நவம்பரில் உரிய மருத்துவம் கிடைக்காமல் சிறையிலேயே இறந்தார். அவருக்கு நியாயம் கேட்டு வருடக்கணக்காகப் பல நாட்டுச் சட்டசபைகளின் படியேறியவர்களால் 2012இல் அமெரிக்காவிலும் 2017இல் கனடாவிலும் அவர் பெயரால் சட்டங்கள் வந்தன. பிரித்தானியாவின் மனித உரிமைத் தடை விதிகள் 2020இல் வந்தன. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த அதே ஆண்டில் மொஸ்கோச் சிறையில் இறந்த ஒரு மனிதருக்காகத் திறந்த கதவு வழியாகத்தான் மிருசுவிலின் பெயர் ஒட்டாவாவுக்குள் போனது. முன்பின் அறியாத துக்கங்கள் ஒன்றுக்கொன்று இப்படி உதவிக்கொள்கின்றன.

அந்தக் கதவு வரை கனடாத் தமிழரான நாங்கள் நடந்துவந்த தூரத்தைச் சொல்ல வேண்டும். 2009 மே 10ஆம் திகதி, அன்னையர் தினம். ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் சனம் ஏறி உட்கார்ந்தது. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார் அந்த வீதியில் நின்றார்கள். மணிக்கணக்காகப் போக்குவரத்து நின்றது. அதற்கு முன் மாதக்கணக்காக மனிதச் சங்கிலி, மெழுகுவர்த்தி, உண்ணாவிரதம் எல்லாம் நடந்திருந்தன. வன்னியில் ஒவ்வொரு இரவும் சாவு. இங்கே தொலைபேசி எடுத்தால் அங்கே பதில் இல்லை. நகரத்தின் மற்ற மனிதர்களுக்கு நாங்கள் அன்று வழிமறித்தவர்கள் மட்டுமே. புலிக்கொடியோடு நிற்பவர்களிடம் பேச மாட்டோம் என்று அரசியல்வாதிகள் ஒதுங்கினார்கள். கடைசியில், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் இக்னாட்டியெஃப் இந்த விஷயத்தைப் பாராளுமன்றத்தில் எழுப்புவார் என்ற வாக்குறுதியின் பேரில் சனம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியது. எட்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஓகஸ்டில் 492 தமிழர்களோடு சன் சீ என்ற கப்பல் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தபோது, பெண்கள் குழந்தைகள் உட்பட அவர்களை அரசு தடுத்துவைத்தது. பயங்கரவாதிகள் வருகிறார்கள் என்று அமைச்சர் மட்டத்திலேயே பேச்சு. அப்படிப் பார்க்கப்பட்ட ஒரு சமூகம் பன்னிரண்டு சொச்சம் ஆண்டுகளில் அதே நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் நான்கு பெயர்களை எழுதவைத்திருக்கிறது. இதைச் சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டால், பெரும்பகுதி பொறுமையால் நடந்தது. கனடாவில் தடையைப் பாராளுமன்றம் விதிப்பதில்லை. வெளியுறவு அமைச்சரின் பரிந்துரையில் அமைச்சரவைதான் ஆணை பிறப்பிக்கிறது. ஆனால் அமைச்சரின் காதுக்குப் போகும் வழி தொகுதி எம்.பி.யின் அலுவலகம் வழியாகத்தான் இருக்கிறது. ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எந்தக் கட்சி வேட்பாளரும் தமிழ் வாக்காளரைத் தாண்டிப் போக முடியாது. 2011இல் ராதிகா சிற்சபேசன் முதல் தமிழ் எம்.பி. ஆனார். 2015இல் ஹரி ஆனந்தசங்கரி வந்தார். 2021இல் ஒன்ராறியோ சட்டமன்றம் தமிழினப் படுகொலைக் கல்வி வாரத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் விஜய் தணிகாசலம், வேறு கட்சிக்காரர். 2022 மே 18இல் கனடியப் பாராளுமன்றம் அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. எட்டு மாதத்தில் தடை வந்தது. படிகளாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது.

தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2011 ஜூன் 8ஆம் திகதி தமிழகச் சட்டமன்றம், இலங்கைமீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஏழு கோடி மக்களின் சபை அது. 2013இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் போட்டது. டெல்லி அசையவில்லை. ரொறன்ரோவின் ஓரத்தில் சில லட்சம்பேருக்கு முடிந்தது ஏழு கோடிப்பேருக்கு முடியாமல் போனது எதனால் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். கொழும்போடு உறவு கெட்டால் டெல்லிக்கு வரும் இழப்பில் சிறு பங்குகூட ஒட்டாவாவுக்கு வராது என்பது அதில் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கோத்தபாயமீது கனடா தடை விதித்ததும் அவர் 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடிப் பதவி இழந்த பிறகுதான். அதிகாரத்தில் இருந்த காலத்தில் விதிக்கவில்லை.

தடை கேட்டு மனுக்களைத் தயாரிக்கும் வேலையை இப்போது சுமப்பவர்கள் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்கள் அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். சட்டம் படித்த பெண்கள், தரவுகளைக் கையாளத் தெரிந்த பையன்கள். அவர்களுக்கு ஊர் என்பது அம்மாவின் வாய்மொழி. அவர்கள் செய்யும் வேலையின் கடினம் வெளியே தெரிவதில்லை. போரின் முடிவில் வட்டுவாகல் பாலத்தில் இராணுவத்திடம் பிள்ளையை ஒப்படைத்த தாய் ஒருவர் “என்ர கையாலேதான் குடுத்தனான்” என்கிறார். மனு கேட்பது வேறு: எத்தனை மணி, எந்தப் படைப்பிரிவு, பொறுப்பில் யார், அவருக்கு மேலே யார், அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு என்ன ஆதாரம். தாயின் ஒரு வாக்கியத்துக்கும் சட்டம் ஏற்கும் ஒரு பத்திக்கும் நடுவில் மாதங்கள் கிடக்கின்றன. அந்தத் தாயிடம் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் அந்தப் பாலத்துக்குப் போய்வருகிறார். ஒரு தடைப் பட்டியலை வாசிக்கும்போது நான் முதலில் நினைப்பது இந்த இரண்டு தரப்பாரையும்தான், கேட்டவரையும் சொன்னவரையும்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 2025 மார்ச் 24ஆம் திகதி பிரித்தானியா தன் பட்டியலை வெளியிட்டது. அதிலும் நான்கு பெயர்கள். 58ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வா, கடற்படைத் தளபதியாக இருந்த வசந்த கரன்னகொட, வன்னிப் படைத் தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய, இவர்களோடு கருணா என்று அறியப்பட்ட விநாயகமூர்த்தி முரளிதரன். கனடாவின் நான்கு பெயர்களில் ஒன்றுகூட இதில் இல்லை. இதில் உள்ள ஒன்றும் அதில் இல்லை. ஒட்டாவா ஆட்சியாளர்களைப் பிடித்துப் போர்க்களத் தளபதிகளை விட்டது. லண்டன் தளபதிகளைப் பிடித்து ஆட்சியாளர்களை விட்டது. சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா 2020 பெப்ரவரியிலேயே பயணத்தடை விதித்திருந்தது. மூன்று நாடுகளும் ஒரே போரைத்தான் பார்த்தன.

எதிலும் இல்லாத பெயர் ஒன்று உண்டு, அந்தப் போரின் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. இந்த இடத்தில்தான் என் யோசனை சிக்கலாகிறது. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில், முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதத்தில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாக்களித்த தமிழரில் பெரும்பான்மையினர் இந்தப் பொன்சேகாவுக்குத்தான் வாக்களித்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அப்படிக் கேட்டது. மகிந்தவை இறக்க வேறு வழி இல்லை என்று அங்கிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். முள்கம்பி முகாம்களில் சொந்தக்காரர் இருக்க, இராணுவம் வாசலில் நிற்க, அந்த வாக்கைப் போட்டார்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதைத் துரோகம் என்று பேசியவர்களை எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்தி வென்றபோதும் அதே அதிர்ச்சி, அதே கோபம். அங்கே வாழ்கிறவர்கள் நாளைக்கும் அங்கேயே வாழ வேண்டியவர்கள். அவர்களுடைய அரசியல் எங்களுடைய அரசியலின் கிளை அல்ல.

ஆகவே நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்வி இது: தடை என்று நாங்கள் கேட்கும்போது, அதன் விலையைக் கொடுக்கப்போவது யார்?

தனிமனிதர்மீதான தடைக்கு விலை குறைவு. ஒரு தளபதி கனடா வர முடியாமல் போனால் கிளிநொச்சியில் எந்தச் சமையலறையும் பாதிக்கப்படாது. ஆனால் நாங்கள் எப்போதும் அத்தோடு நிற்கவில்லை. 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குக் கொடுத்துவந்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையையும் சிறுவர் உரிமை உடன்படிக்கையையும் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையையும் இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை என்பது காரணம். காரணம் முழு உண்மை. புலம்பெயர் அமைப்புகள் அதை வரவேற்றன. இலங்கையில் தைத்த உடுப்பை வாங்காதீர்கள் என்று லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் கடை வாசல்களில் நம்மவர்கள் நின்றார்கள். அந்தச் சலுகையால் அதிகம் பயன்பெற்றது ஆடைத் தொழில். அதில் தையல் இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிங்களப் பெண்கள், கட்டுநாயக்கவில் பலகை அறைகளில் தங்கி வேலை செய்தவர்கள். போருக்குப் பிறகு வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே உட்கார்ந்தவர்களில் கணவரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு, புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த போராளிப் பெண்களும் உண்டு. சலுகை இல்லாத ஏழு ஆண்டுகளில் எந்த ஜெனரலின் சம்பளமும் குறையவில்லை. 2017 மே மாதம் சலுகை திரும்பி வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போதும் அப்படியே இருந்தது.

மற்றச் சமூகங்களும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. 1974இல் துருக்கி சைப்பிரஸில் படை இறக்கியதும் அமெரிக்காவின் கிரேக்க வம்சாவளியினர் காங்கிரஸை நெருக்கினார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரின் எதிர்ப்பையும் மீறி, துருக்கிக்கு ஆயுத விற்பனை நின்றது. துருக்கி தன் மண்ணில் இருந்த அமெரிக்கத் தளங்களின் இயக்கத்தை நிறுத்திப் பதில் கொடுத்தது. 1978இல் தடை போய்விட்டது. துருக்கிப் படை இன்றும் சைப்பிரஸில் நிற்கிறது. மயாமியின் கியூபர்கள் இன்னும் தூரம் போனார்கள். 1962இலிருந்து இருந்த வர்த்தகத் தடையை 1996இல் ஹெல்ம்ஸ் பர்ட்டன் சட்டத்துக்குள் பூட்டினார்கள். அதன் பிறகு ஓர் அமெரிக்க ஜனாதிபதி மனம் மாறினாலும் தனியாக அதை நீக்க முடியாது. கேட்டவர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தடை இருக்கிறது, ஹவானாவில் ஆட்சியும் இருக்கிறது, மருந்துக்கு வரிசையில் நிற்கும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் கியூபர்களின் இழப்பு பொய்யல்ல. வீட்டையும் ஊரையும் பறிகொடுத்த கோபத்தை நான் அறிவேன். ஆனால் கோபம் சட்டமாக உறைந்துவிட்டால் அதைத் திரும்ப இளக்க ஒருவராலும் முடிவதில்லை. இதை அவர்களிடமிருந்து நாம் கற்றே ஆக வேண்டும்.

வேறு மாதிரியும் ஒன்று இருக்கிறது. அது நமக்கு நெருங்கியது, ஆனால் நாம் அதிகம் பேசாதது. 1946இல் தென்னாபிரிக்க அரசு, இந்தியர் எங்கே நிலம் வைத்திருக்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்புகட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரும் தெலுங்கரும் பீகாரிகளும், பின்னால் வணிகம் செய்யப் போன குஜராத்திகளும் அங்கே மூன்று தலைமுறையாக வேர்விட்டிருந்தார்கள். தென்னாபிரிக்க இந்திய காங்கிரஸின் தூதுக்குழு டெல்லிக்கு வந்து வைசிராய் வேவலைச் சந்தித்து, தாங்கள் வாழும் நாட்டின்மீதே தடை விதிக்கும்படி கேட்டது. அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா தென்னாபிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்தியது. இந்தியா இன்னும் சுதந்திரம் அடையவில்லை. தென்னாபிரிக்காவின் இனவாதத்துக்காக ஒரு நாடு விதித்த முதல் தடை அது.

இந்தியப் பொருட்கள் நின்றால் முதலில் கையைக் கடிக்கப்போவது டர்பனின் இந்தியக் கடைக்காரரையும் இந்திய வீட்டுக்காரியையும்தான். தெரிந்துதான் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவும் இல்லை. ஜூன் 13ஆம் திகதி டர்பனில், இந்தியர் குடியேறக்கூடாது என்று விலக்கப்பட்ட நிலத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். இரண்டாயிரம்பேர் அளவில் சிறை போனார்கள். தலைமை தாங்கியவர் ஜி. எம். நாயக்கர் என்ற தமிழ் வம்சாவளி மருத்துவர், நேட்டால் இந்திய காங்கிரஸின் தலைவர். அவரும் சிறையில் இருந்தார். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1959இல், தென்னாபிரிக்கப் பொருட்களைப் புறக்கணிக்கும்படி உலகத்தைக் கேட்டு அல்பர்ட் லுத்துலி ஓர் அறிக்கை விட்டபோது அதில் நாயக்கரும் கையொப்பமிட்டார். புறக்கணிப்பால் கறுப்பின மக்களும் துன்பப்படுவார்கள் என்பதை அந்த அறிக்கை மறைக்கவில்லை. அந்தத் துன்பத்தை விலையாகக் கொடுக்கத் தயார் என்று, கொடுக்கப்போகிறவர்களே சொன்னார்கள். 1980களில் வாஷிங்டன் தூதரக வாசலில் நின்று கைதானவர்களுக்கும், 1986இல் ரேகனின் மறுப்பைத் தாண்டித் தடைச் சட்டத்தை நிறைவேற்றிய அமெரிக்கக் காங்கிரஸுக்கும் அந்தச் சம்மதம்தான் அடிநிலம்.

எங்களுக்கு அப்படி ஒரு சம்மதம் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை. அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட தாய் தகப்பன்மார் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். வவுனியாவில் அவர்கள் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் பிடித்துக்கொண்டு நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உள்ளக விசாரணை வேண்டாம், சர்வதேச விசாரணை வேண்டும் என்பது அவர்கள் வாயால் வந்த கோரிக்கை. காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் கோத்தபாய ஐ.நா. அதிகாரியிடம் சொன்னபோது, எப்படி இறந்தார்கள், கொன்றது யார் என்று அவர்கள் கேட்டார்கள். இழப்பீட்டுப் பணம் நீட்டப்பட்டபோது வேண்டாம் என்றார்கள். 2021 ஜனவரியில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத தமிழ்க் கட்சிகள்கூட ஒன்றாகக் கையெழுத்திட்டு, இலங்கையைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்படி ஜெனீவாவின் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம் எழுதின. குற்றம் செய்தவரைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும் என்பதற்குத் தாயகத்தின் ஆணை இருக்கிறது. தையல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு அப்படி ஓர் ஆணையை நான் கண்டதில்லை.

தனிமனிதத் தடையின் எல்லைகளும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியப் பட்டியல் வெளியானதும் மகிந்த, படைத் தளபதிகளுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார். தெற்கில் ஒரு பகுதியினருக்குத் தடை என்பது வீரப் பதக்கம். மாற்றத்தின் பேரால் வந்த புதிய அரசும் இது ஒருதலைப்பட்சமான நடவடிக்கை என்றுதான் சொன்னது. பட்டியல் போடும் அதிகாரம் அவர்களிடமும் இருக்கிறது. 2014இல் இலங்கை அரசு, பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்க ஐ.நா. பாதுகாப்புச் சபை கொண்டுவந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தி, 16 அமைப்புகளையும் 424 பேரையும் வர்த்தமானியில் தடைசெய்தது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக வந்ததும் சில பெயர்கள் நீங்கின, கோத்தபாய வந்ததும் மீண்டும் சேர்ந்தன. பட்டியலில் இருப்பவருக்கு ரொறன்ரோவில் ஒன்றும் ஆகாது. அவரோடு தொலைபேசியில் பேசிய ஊரில் உள்ள தம்பியின் வீட்டுக்குத்தான் விசாரணைக்கு ஆள் வரும். இங்கேயும் விலை கொடுப்பவர் அங்கேதான் இருக்கிறார்.

பிரித்தானியாவின் நான்காவது பெயரைப் பற்றி எங்கள் கூட்டங்களில் பேச்சுக் குறைவு. கருணா துரோகி, அரசோடு சேர்ந்து தமிழரைக் கடத்தியவர், அதனால் சரி என்று கடந்துபோகிறார்கள். கிழக்கில் வீடு வீடாகப் பிள்ளைகளைப் பிடித்துப் போருக்குக் கொண்டுபோன வரலாறு அவர் பிரிந்துபோன 2004க்குப் பிறகு தொடங்கியதல்ல. அப்போது அவர் புலிகளின் தளபதி என்பது எல்லோருக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரம். ஒட்டாவாவில் ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளின் படங்களை விரிக்கும்போது, பிள்ளை பிடிக்கப்பட்ட மட்டக்களப்புத் தாயும், சோனகதெருவை விட்டுப் பொட்டலத்தோடு போனவர்களும் எங்களோடு வரக் கூடியதாக இருக்க வேண்டும். அவர்கள் வந்தால் எங்கள் மனு பலவீனமாகிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நான் ஏற்கவில்லை. எல்லாத் தாய்மாரும் வரும் மனுவை எந்தக் கொழும்பு அமைச்சரும் புலி ஆதரவு என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி என்ன கேட்பது என்ற கேள்விக்கு 2025இல் யாழ்ப்பாணத்தின் செம்மணி பதில் வைத்தது. 1995இன் இறுதியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் நூற்றுக்கணக்கானோர் காணாமல் போனார்கள். மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற படையாள் ஒருவர் 1998இல், செம்மணியில் இன்னும் பலர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன, பிறகு எல்லாம் அடங்கிப்போனது. 2025இல் செம்மணியை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அவற்றில் குழந்தைகளும் உண்டு. ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டர்க் ஜூனில் அங்கே போய்ப் பார்த்தார். மன்னாரில் 2018இல் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டு, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றின் காலக் கணிப்போடு அந்த விவகாரம் முடங்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். செம்மணிக்கு அப்படி ஆகக்கூடாது. எலும்புக்குப் பெயர் சொல்ல மரபணுச் சோதனை வேண்டும். அதற்கு நம்பகமான ஆய்வுகூடமும், எலும்பைக் குழியிலிருந்து அங்கே கொண்டுபோகும் வரை பாதுகாக்கும் ஒழுங்கும், பல ஆண்டு தொடரும் பணமும், வெளியார் மேற்பார்வையும் தேவை.

அதைவிட முதலில் தேவை, ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் இரத்தமோ எச்சிலோ. 1996இல் மகனைத் தேடிய தாய் இறந்திருக்கலாம். தங்கை ஸ்காபரோவில் இருப்பாள், அண்ணன் பாரிசின் லா சப்பலில் கடை வைத்திருப்பான், பெறாமகள் லண்டனின் ஈஸ்ட்ஹாமில் இருப்பாள். ஊரில் மாதிரி கொடுக்க ஆள் இல்லாத குடும்பங்களின் மாதிரி இந்த நகரங்களில்தான் இருக்கிறது. அதை இங்கேயே எடுத்து, ஐ.நா.வின் இலங்கைக்கான பொறுப்புக்கூறல் திட்டம் போன்ற ஓர் இடத்தில் கொழும்பின் கைக்கு எட்டாதபடி பாதுகாத்து வைக்க ஒட்டாவாவும் லண்டனும் பாரிசும் வழிசெய்ய வேண்டும். இந்தக் கோரிக்கையின் விலையைக் கொடுப்பவர்கள் நாங்களேதான்: எங்கள் பெயரையும் உடலின் ஒரு துளியையும் ஒரு பதிவேட்டில் கொடுக்க வேண்டும், வருகிற பதில் எதுவானாலும் தாங்க வேண்டும். அடுத்த முறை தொகுதி எம்.பி.யைப் பார்க்கப் போகிறவர்கள், விடுபட்ட பெயர்களின் பட்டியலோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வயதான சகோதரங்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.